இருட்டில் நம்மைக் காட்டும் நூல்

விடியற்காலை ஐந்து மணி. ஆலுவா ரயில் நிலையத்தில் வண்டி வந்து நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர் இறங்குகிறார்கள். சிலர் இங்கேயே குடியிருந்து வேலை செய்பவர்கள். ஊருக்குப் போய்த் திரும்புகிறார்கள். சிலர் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு. தலையில் இருமுடி.

வெளியே இன்னும் இருட்டு. ஜனவரி மாதத்தில் இங்கே சூரியன் உதிக்க ஆறே முக்கால் மணி ஆகும்.

இரண்டு பெண்கள் சாலை ஓரமாக வீட்டுக்கு நடக்கிறார்கள். ஒருவர் பெரியவர். அடர்ந்த நீலச் சேலை கட்டியிருக்கிறார். மற்றவர் இளையவர். பக்கத்து வீட்டுக்காரர். பின்னாலிருந்து ஒரு லாரி வருகிறது.

"அக்கா, ஓரமா வாங்க. வண்டி வருது."

"வரட்டும்மா. இவ்வளவு வெளிச்சம் போட்டுக்கிட்டு வர்றான். நம்மளைத் தெரியாமலா போயிடும்?"

அந்த அக்கா சொன்னது சரிதானா? நாமும் பல நேரம் இப்படித்தான் நினைக்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

நமக்குத் தெரிகிறது. அவருக்குத் தெரிகிறதா?

லாரியின் விளக்கு நம் கண்ணில் பளிச்சென்று படுகிறது. நாம் லாரியைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிறோம். அதனால் ஓட்டுநரும் நம்மைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறோம். இது தவறு.

நம்மிடம் விளக்கு இல்லை. லாரியின் வெளிச்சம் நம்மேல் பட வேண்டும். பட்டு, திரும்பி ஓட்டுநரின் கண்ணுக்குப் போக வேண்டும். அப்போதுதான் அவருக்கு நாம் தெரிவோம். கறுப்பு, நீலம், காப்பிப்பொடி நிறம் போன்ற துணிகள் வெளிச்சத்தை விழுங்கிவிடும். திருப்பி அனுப்புவது மிகக் குறைவு.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அது ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் தூரம் ஓடிவிடும். ஓட்டுநர் நம்மைப் பார்த்து, காலை எடுத்து பிரேக்கில் வைக்க ஒன்றரை நொடி ஆகலாம். அதற்குள் வண்டி 25 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்த பிறகும் உடனே நிற்காது. காய்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர் ஓடும். ஆக மொத்தம் 45 மீட்டர். சாலை நனைந்திருந்தால் இன்னும் அதிகம். பாரம் ஏற்றிய லாரிக்கும் அதிகம்.

விளக்கைத் தாழ்த்திப் போட்டு வரும் ஓட்டுநருக்குக் கறுப்பு உடை அணிந்தவர் எப்போது தெரிவார்? ஏறத்தாழ 30 மீட்டர் தூரத்துக்குள் வந்த பிறகுதான். வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும். ஆள் தெரிவதோ 30 மீட்டரில். மீதி 15 மீட்டருக்கு என்ன செய்வது? அந்த 15 மீட்டரில்தான் உயிர் போகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது நாள் ஒன்றுக்கு 90 பேர். விபத்துகள் மிக அதிகமாக நடந்த நேரம் மாலை 6 மணி முதல் 9 மணி வரை.

ஆலுவா வழியாகப் போவது தேசிய நெடுஞ்சாலை 544. முன்பு இதற்கு 47 என்று எண். சேலத்தில் தொடங்கி, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சிக்கு வருகிறது. இரவெல்லாம் வண்டிகள் ஓடும் சாலை. இந்தச் சாலையின் ஓரத்தில் நடப்பவர்கள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. அதுதான் ரிப்ளெக்டர் நூல்.

பூனையின் கண் எப்படி மின்னுகிறது?

இருட்டில் பூனைமேல் டார்ச் அடித்துப் பார்த்திருப்பீர்கள். அதன் கண் நெருப்புத் துண்டு போல் மின்னும். மாட்டின் கண்ணும் அப்படித்தான். அந்தக் கண்ணுக்குள் விளக்கு இல்லை. கண்ணின் பின்பக்கத்தில் பளபளப்பான ஒரு படலம் உண்டு. உள்ளே போன வெளிச்சத்தை அது வந்த வழியே திருப்பி அனுப்புகிறது.

இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் இதே முறையில் சாலையில் பதிக்கும் கண்ணாடிக் கண்களைச் செய்தார். 1934-இல் அதற்கு உரிமம் வாங்கினார். அதற்கு வைத்த பெயரே 'பூனைக் கண்'. இன்று நம் நெடுஞ்சாலைகளிலும் நடுக்கோட்டில் இதுபோன்ற மின்னும் கட்டைகளைப் பார்க்கிறோம்.

முகம் பார்க்கும் கண்ணாடி இந்த வேலையைச் செய்யாது. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். பூனைக் கண் அப்படி இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பும். லாரி விளக்குக்குச் சற்று மேலேதான் ஓட்டுநரின் கண் இருக்கிறது. ஆகவே திரும்பிய வெளிச்சம் அவர் கண்ணுக்குப் போகிறது.

நூலுக்குள் என்ன இருக்கிறது?

ரிப்ளெக்டர் நூலில் இருப்பவை மிகச் சிறிய கண்ணாடி மணிகள். ஒரு மணி நம் தலைமயிரின் பருமன்தான் இருக்கும். அல்லது அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். இந்த மணிகளை ஒரு மெல்லிய படலத்தில் நெருக்கமாகப் பதிக்கிறார்கள். மணிகளுக்குப் பின்னால் அலுமினியப் பூச்சு இருக்கும். மணிக்குள் நுழைந்த வெளிச்சம் வளைந்து, பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது.

அந்தப் படலத்தை மிக மெல்லிய நாடாவாக வெட்டுகிறார்கள். பாலியெஸ்டர் இழையோடு சேர்த்து முறுக்குகிறார்கள். அதுவே ரிப்ளெக்டர் நூல். பகலில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். 'இதற்கா காசு கொடுத்தோம்?' என்று தோன்றும். இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் வெள்ளையாக எரிவது போல் தெரியும்.

நம் ஊர்களில் இதுபோன்ற ஸ்டிக்கரை 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று சொல்கிறோம். இதில் ரேடியம் கிடையாது. ரேடியம் என்பது 1898-இல் கண்டுபிடித்த ஒரு உலோகம். ஒரு காலத்தில் இருட்டில் ஒளிரும் கடிகார முள்ளுக்கு அதைப் பூசினார்கள். அது தானே ஒளிரச் செய்யும். ரிப்ளெக்டர் தானாக ஒளிராது. வெளிச்சம் பட்டால்தான் மின்னும். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஜரிகை, சம்கி ஆகியவையும் பளபளக்கும். ஆனால் அவை வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறவிடும். ஓட்டுநருக்குத் திருப்பி அனுப்பாது. ஆகவே ஜரிகைச் சேலை கட்டியிருக்கிறோம் என்று நம்பி இருட்டில் நடக்கக் கூடாது.

யார் பயன்படுத்துகிறார்கள்?

பின்லாந்து நாட்டில் குளிர்காலத்தில் பகல் மிகவும் குறைவு. அங்கே இருட்டில் சாலையில் நடப்பவர்கள் ரிப்ளெக்டர் அணிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதுபோன்ற குளிர் நாடுகளில் குல்லாயும் கையுறையும் பின்னும்போதே இந்த நூலையும் சேர்த்துப் பின்னுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இந்தப் பழக்கம் வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பார்கள். அவர்களுடைய பைகளில் போலீசார் ரிப்ளெக்டர் பட்டை ஒட்டுகிறார்கள். ஒளிரும் குச்சிகளும் கொடுக்கிறார்கள்.

ஆலுவாவில் சிவராத்திரி அன்று பெரியாற்று மணல்புறத்தில் ஆயிரக்கணக்கானோர் கண்விழிக்கிறார்கள். முன்னோருக்குப் பலியிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். இரவிலும் விடியலிலும் நடை அதிகம். தூக்கக் கலக்கமும் இருக்கும். அன்று ஒரு பட்டை உடலில் இருந்தால் எவ்வளவு நல்லது!

எங்கே அணிய வேண்டும்?

நம் ஊரில் ஸ்வெட்டர் தேவையில்லை. சிறிய பட்டைகள் போதும். ஆனால் அவற்றை அணியும் இடம் முக்கியம்.

சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் யோஹான்சன் 1973-இல் தம் சோதனை ஒன்றை வெளியிட்டார். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை போன்ற மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி ஆட்களை இருட்டில் நடக்கவிட்டார். பார்த்தவர்களுக்கு உடல் தெரியவில்லை. புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. ஆனாலும் 'இது மனிதர் நடப்பது' என்று உடனே சொல்லிவிட்டார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. அசையாத ஒரு பட்டையைப் பார்த்தால் ஓட்டுநர் அது கம்பமா, வேலியா என்று குழம்புவார். கணுக்காலில் பட்டை முன்னும் பின்னும் ஆடினால், 'ஆள் நடக்கிறார்' என்று சட்டென்று புரியும். மேலும், தாழ்த்திய விளக்கின் வெளிச்சம் முதலில் காலில்தான் படும். ஆகவே முதல் இடம் இரண்டு கணுக்கால்கள். அடுத்தது இரண்டு மணிக்கட்டுகள்.

சேலையும் வேட்டியும் கணுக்காலை மறைக்குமே என்று கேட்பீர்கள். உண்மைதான். அப்போது பட்டையைத் துணிக்கு மேலே கட்டலாம். அல்லது சேலையின் கீழ்க்கரையில் நூலைத் தைத்துவிடலாம்.

பட்டை பின்னும் முறை

கொக்கி ஊசியால் பின்னுவதைக் குரோஷா என்கிறோம். நம் பெண்களுக்கு இது பழகிய கைவேலை. 2016-இல் சென்னையில் பெண்கள் பலர் சேர்ந்து 11,148 சதுர மீட்டருக்கும் பெரிய போர்வையைக் குரோஷாவில் பின்னிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். நமக்குத் தேவை ஒரு சாண் பட்டைதான்.

தேவையான பொருள்கள்: ரிப்ளெக்டர் நூல், மஞ்சள் அல்லது வெள்ளைப் பருத்தி நூல், நான்கு மில்லிமீட்டர் கொக்கி ஊசி, ஒரு பொத்தான்.

1. ஒரு கயிற்றால் கணுக்காலைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். துணிக்கு மேலே கட்டுவதாக இருந்தால் துணியோடு சேர்த்து அளக்க வேண்டும்.

2. ரிப்ளெக்டர் நூலையும் பருத்தி நூலையும் ஒன்றாகப் பிடியுங்கள். இரண்டையும் ஒரே நூல் போல் பின்ன வேண்டும். ரிப்ளெக்டர் நூல் தனியாக வழுக்கும். பருத்தி நூல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

3. ஒன்பது சங்கிலி போடுங்கள். திரும்பி வரும்போது கொக்கிக்குப் பக்கத்துச் சங்கிலியை விட்டுவிட்டு, மற்ற எட்டிலும் ஒவ்வொரு சாதாக் கண்ணி பின்னுங்கள். ஒரு வரிசை முடிந்தது.

4. அடுத்த வரிசைக்கு முன் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். மீண்டும் எட்டுக் கண்ணி. அளந்த நீளம் வரும்வரை வரிசை வரிசையாகப் பின்னுங்கள்.

5. கடைசியில் சில சங்கிலிகளால் ஒரு வளையம் செய்யுங்கள். மறுமுனையில் பொத்தான் தையுங்கள். மிச்ச நூலை உள்ளே செருகி முடியுங்கள். நூல் தொங்கக் கூடாது. தொங்கும் நூல் சைக்கிள் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும்.

ஒன்றை மறக்க வேண்டாம். தளர்வாகப் பின்ன வேண்டும். இறுக்கிப் பின்னினால் ரிப்ளெக்டர் நூல் உள்ளே புதைந்துவிடும். வெளிச்சம் அதன்மேல் படாது.

பின்னத் தெரியாதவர்களுக்கு

ஊசியும் நூலும் இருந்தால் போதும். சேலைக் கரை, பள்ளிக்கூடப் பை, சோற்றுப் பை, இருமுடிப் பை, கறுப்புக் குடையின் ஓரம் என்று எதிலும் வைக்கலாம்.

ரிப்ளெக்டர் நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் பலமுறை இழுக்காதீர்கள். மணிகள் உரசி உதிரும். நூலைத் துணியின் மேலே கிடத்துங்கள். சாதா நூலால் விரல்கடை இடைவெளியில் குறுக்கே சிறு சிறு தையல் போட்டுப் பிடியுங்கள். இப்படிச் செய்தால் நூல் முழுவதும் வெளியே தெரியும். நட்சத்திரமோ கோலமோ குழந்தையின் பெயரின் முதல் எழுத்தோ, எது வேண்டுமானாலும் போடலாம்.

நூல் கிடைக்காத ஊரில் தையல் சாமான் கடையில் ரிப்ளெக்டர் நாடா கேளுங்கள். கிழிந்துபோன பாதுகாப்புச் சட்டை வீட்டில் கிடந்தால் அதன் பட்டையை வெட்டியும் தைக்கலாம். முதலில் அது இன்னும் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும்.

டார்ச் சோதனை

தைத்த பொருளை இருட்டில் ஒரு கொடியில் தொங்கவிடுங்கள். முப்பது தப்படி தள்ளி நில்லுங்கள். டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து அடியுங்கள். பளிச்சென்று தெரிகிறதா?

அடுத்து டார்ச்சை வேறொருவரிடம் கொடுங்கள். அவர் பத்து அடி தள்ளி நின்று அடிக்கட்டும். இப்போது உங்களுக்கு மங்கலாகத் தெரியும். அவருக்கோ பளிச்சென்று தெரியும். வெளிச்சம் அடித்தவருக்கே அது திரும்பிப் போகிறது. இதை நேரில் பார்த்தால் குழந்தைகளுக்கும் புரிந்துவிடும்.

துவைப்பதும் காப்பதும்

கையால் மெதுவாக அலசுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம். கல்லில் அடிக்க வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கூடாது. சூடான இஸ்திரியும் கூடாது. நிழலில் உலர்த்துங்கள். எண்ணெயும் சேறும் படிந்தால் மின்னுவது குறையும். மாதம் ஒருமுறை டார்ச் சோதனை செய்யுங்கள். மங்கிப்போனால் வேறு பட்டை பின்னுங்கள்.

மழையில் கவனம் வேண்டும். மணிகளின்மேல் தண்ணீர் படிந்தால் வெளிச்சம் சரியாகத் திரும்பாது. கேரளத்தில் மழைக்காலம் நீளம். ஆகவே மழை இரவில் பட்டையை மட்டும் நம்பாமல் கையில் டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் செய்யாத வேலை

இந்த நூல் ஓட்டுநருக்கு நம்மைக் காட்டும். வண்டியை நிறுத்தாது. விளக்குப் போடாத வண்டிக்கு நாம் தெரிய மாட்டோம். குடித்துவிட்டு ஓட்டுபவரிடமிருந்தும் இது காப்பாற்றாது. நடைபாதை இருந்தால் அதில் நடங்கள். இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். சாலை வேலை செய்பவர்களுக்கு வேலை கொடுப்பவர் தரமான பாதுகாப்புச் சட்டை தர வேண்டும். வீட்டில் பின்னிய பட்டை அதற்கு ஈடு ஆகாது. நல்ல தெருவிளக்கும் நடைபாதையும் கேட்பது நம் உரிமை. பட்டை கட்டிக்கொண்டோம் என்று அதைக் கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

சேர்ந்து செய்தால்

எர்ணாகுளம் மாவட்டத்தை 1990 பிப்ரவரி 4-ஆம் நாள் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். ஆலுவா அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பலரும் கூடி உழைத்ததால் அது நடந்தது. பட்டை பின்னுவதையும் மகளிர் குழுவில் கூடிச் செய்யலாம். முதலில் குழுவில் உள்ளவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பின்னுங்கள். விற்க நினைத்தால் கணக்கு எழுதுங்கள். ஒரு கண்டு நூலில் எத்தனை பட்டை வந்தது? நூலின் விலையை அந்த எண்ணிக்கையால் வகுங்கள். பொத்தான் விலையைக் கூட்டுங்கள். உங்கள் நேரத்துக்கும் கூலி சேருங்கள். பிறகு விலை சொல்லுங்கள்.

சரி, அந்த இரண்டு பெண்களின் கதைக்கு வருவோம். ஒரு வாரம் கழித்து இளையவர் இரண்டு பட்டைகளோடு வந்தார்.

"இது என்னம்மா, கொலுசா?"

"ஆமாக்கா. வெள்ளிக் கொலுசு பகல்ல மின்னும். இது ராத்திரியில மின்னும். கட்டிக்குங்க."

"பாக்க ஒண்ணும் அழகா இல்லையே."

"நீங்க பாக்கறதுக்கு இல்லக்கா. லாரிக்காரர் பாக்கறதுக்கு."

அக்கா சிரித்தார். சேலைக்கு மேலேயே கட்டிக்கொண்டார். சந்தின் கோடிவரை நடந்து போனார். இளையவர் கன்னத்தோடு டார்ச்சைப் பிடித்து அடித்தார். நீலச் சேலை தெரியவில்லை. இரண்டு வெள்ளை வளையங்கள் மட்டும் மாறி மாறி முன்னே போய்க்கொண்டிருந்தன.

"நில்லுங்கக்கா, இவ்வளவு தூரத்துலயும் நல்லாத் தெரியுது!" என்று அவர் குரல் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் இருட்டில் வெளியே போகிறவர்கள் யார் யார்? எத்தனை மணிக்குப் போகிறார்கள்?

2. வண்டி நமக்குத் தெரிவதற்கும் நாம் ஓட்டுநருக்குத் தெரிவதற்கும் என்ன வேறுபாடு?

3. கணுக்காலில் பட்டை கட்டுவது ஏன் நல்லது?

4. உங்கள் ஊரில் விளக்கில்லாத சாலை எது? அதைப் பற்றி நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு எழுதுங்கள்.